ஆளில்லா முகவரிகளும் அடைக்கப்படாத வேலிகளும்

பத்திரிகையொன்று நின்றுபோனால் அதன் பெயருக்கு என்ன நேர்கிறது? அச்சு ஊடகம் மாத்திரம் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை காண்பதில் சிரமம் இருக்கவில்லை. பெயர்ப்பலகை இறக்கப்படும், அச்சியந்திரம் விலைபோகும், பழைய இதழ்கள் நூலகங்களிலும் வாசகர்களின் அலுமாரிகளிலும் எஞ்சியிருக்கும். அதே பெயரில் வேறொருவர் நாளை ஒரு பத்திரிகையைத் தொடங்கினாலும், ஏற்கெனவே அச்சாகிவிட்ட பக்கங்களை அவரால் மாற்றிவிட முடியாது. இணையத்தில் நிலைமை வேறு. இங்கு ஒரு பெயரே வாசலாகவும், பழைய இதழ்கள் அடுக்கிய அலுமாரியாகவும், தபாற்பெட்டியாகவும் இருக்கிறது. பெயர் கைமாறும்போது இம்மூன்றும் ஒருசேரக் கைமாறுகின்றன.

இணையத்தளமொன்றின் முகவரியாக அமைவது ஆள்களப் பெயர். வழக்கில் நாம் இதனை டொமைன் என்கிறோம். ஏதோவோர் எண்ணத்தில் பதிவுசெய்து, பின்னர் பாவனைக்கு எடுக்காமலே விட்டுவைத்த டொமைன் பெயர்கள் பலரிடம் உண்டு. ஒரு காலத்தில் பாவித்துப் பின்னர் கைவிட்ட பெயர்களும் உண்டு. இத்தகைய பெயர்களை, தளங்களுக்கு இடம் வழங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமோ பதிவு நிறுவனத்திடமோ விட்டுவைப்பதைத்தான் 'பார்க்கிங்' என்கிறார்கள். வாகனத் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போவதைப் போன்றதென்று எண்ணித்தான் இந்தச் சொல்லைப் பிறப்பித்திருக்கிறார்கள். ஹோஸ்டிங் நிறுவனங்களின் வழக்கில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்து வந்தது. ஒரே தளத்தைப் பல பெயர்களால் அடையும் வண்ணம் மேலதிகப் பெயர்களை அதனுடன் இணைத்து வைப்பதும் பார்க்கிங் எனப்பட்டது. இவற்றுள் இரண்டாவது பயனுள்ளது, தீங்கற்றது. நான் இங்கு பேச விரும்புவது முதலாவதைப் பற்றியே.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். டொமைன் பெயரை 'வாங்கினேன்' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் யாரும் அதை வாங்குவதில்லை. காணிக்கு உறுதி உண்டு; அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் செல்லும். டொமைன் பெயரோ குத்தகைக் காணி. டொட் கொம் பெயர் ஒன்று முதன்முதலாகப் பதிவானது 1985 மார்ச் 15இல். அக்காலத்தில் பதிவுக்குக் கட்டணம் இருக்கவில்லை. 1995இலேயே நெற்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர் என்று அறவிடத் தொடங்கியது. 1998இல் ஐக்கான் அமைப்பு தோன்றியதன் பின்னர் போட்டி உருவாகி விலை பெரிதும் குறைந்தது. ஆயினும் குத்தகை குத்தகையாகவே இருக்கிறது. டொட் கொம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவுசெய்யலாம். பணம் கட்டத் தவறினால் பெயர் போய்விடும்.

போகும் விதமும் அறிந்துகொள்ள வேண்டியதொன்று. டொட் கொம் பெயரின் காலம் முடிந்த பின்னர் 45 நாட்கள் வரையிலான சலுகைக் காலம் இருக்கலாம். அது கழிந்தால் மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்பதற்கு 30 நாட்கள். அதன் பின்னர் 5 நாட்களில் பெயர் அழிக்கப்பட்டு, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வரும். பெறுமதியான பெயர்கள் அதுவரையில் காத்திருப்பதில்லை. பதிவு நிறுவனங்களே அவற்றை ஏலத்துக்கு விடுவதுண்டு. முன்னறிவித்தல்கள் அனுப்பப்பட வேண்டும் என்று ஐக்கானின் விதிகள் சொல்கின்றன. ஆனால், அந்த அறிவித்தல்கள் செல்வது பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு. அந்த முகவரியைப் பார்ப்பவர் எவரும் இல்லையென்றால், அறிவித்தல் வந்தும் வராதது போலத்தான்.

விட்டுவைத்த பெயரில் தென்படும் பக்கத்தை வாசகர்கள் பலரும் கண்டிருப்பார்கள். 'விரைவில் வருகிறோம்' என்ற ஒரு வரி. அல்லது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விளம்பர இணைப்புகளின் பட்டியல். தவறுதலாக அங்கு வந்து சேருபவர் ஓர் இணைப்பை அழுத்தினால் யாரோ ஒருவருக்குச் சில சதங்கள் சேரும். பெயரின் உரிமையாளர் தாமே விரும்பி ஒப்பந்தம் செய்திருந்தால் அவருக்கும் பங்குண்டு. பதிவு நிறுவனத்தின் இயல்பான ஏற்பாட்டில் விட்டுவைத்திருந்தால் வருமானம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தையே சேரும். நம் வாசலில் யாரோ ஒருவர் சுவரொட்டி ஒட்டிக் காசு பார்க்கிறார். சுவரொட்டியில் என்ன இருக்கிறதென்று நாம் பார்ப்பதில்லை.

சில சதங்கள்தானே என்று விட்டுவிடக்கூடிய காலமும் கடந்துவிட்டது. இன்ஃபோபுளொக்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு விட்டுவைக்கப்பட்ட பெயர்களுக்குச் செல்பவர்கள் 90 சதவீதத்துக்கும் அதிகமான தடவைகளில் மோசடிப் பக்கங்களுக்கோ, கணினியில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தும் பக்கங்களுக்கோ, தீய மென்பொருள்களுக்கோ திருப்பிவிடப்படுவதாகக் கூறியது. 2014இல் ஆய்வாளர்கள் இதே விடயத்தை அளந்தபோது அது 5 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. வருகையாளர்கள் விளம்பர வலையமைப்புகளில் கைமாறிக் கைமாறி விற்கப்படுவதே இதற்குக் காரணம். கடைசியில் வாங்குபவர் யாரென்று முதலில் விற்றவருக்குத் தெரியாது. கூகுள் நிறுவனமும் 2025இல், தன்னிடம் விளம்பரம் செய்வோரின் விளம்பரங்கள் இத்தகைய பக்கங்களில் இயல்பாக வெளியாகாதவாறு தன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது.

இதுவரை சொன்னது பெயர் இன்னமும் நம் வசம் இருக்கும் நிலை. பெயர் கைவிட்டுப் போனபின் நிகழ்வது இதனிலும் பாரதூரமானது. ஊடகத்துறையைச் சேர்ந்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய மூன்று சம்பவங்களைக் குறிப்பிடுகிறேன். மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை.

பெண்களுக்கான எழுத்துக்குப் பெயர்பெற்ற 'தி ஹெயார்பின்' என்ற இணைய இதழ் 2018இல் நின்றுபோனது. பின்னர் அதன் பெயரைக் கைப்பற்றிய வெளிநாட்டு வியாபாரி ஒருவர், செயற்கை நுண்ணறிவு எழுதிய தரமற்ற கட்டுரைகளால் அதை நிரப்பினார். 2024 ஜனவரியில் இது செய்தியானது. அடுத்தது, அப்பிள் கணினிகளைப் பற்றிய செய்திகளைத் தந்துவந்து 2015இல் மூடப்பட்ட ஒரு தளம். 2024இல் அதன் பெயர் மாத்திரம் விற்கப்பட்டது, கட்டுரைகள் விற்கப்படவில்லை. வாங்கியவர்கள் பழைய கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு திருப்பி எழுதுவித்து, முன்னர் அங்கு பணியாற்றிய எழுத்தாளர்களின் உண்மைப் பெயர்களிலேயே வெளியிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே பெயர்கள் மாற்றப்பட்டன. மூன்றாவது, ஒரிகன் மாநிலத்தின் ஆஷ்லண்ட் நகரில் 1876இல் தொடங்கிய 'டெய்லி ரைடிங்ஸ்' என்ற பத்திரிகை. அது 2023இல் நின்றது. சில காலத்தில் அதன் பெயரில் ஒரு தளம் உயிர்பெற்றது. உள்ளூர்ச் செய்தியாளர்கள் எழுதுவது போன்ற தோற்றத்தில் செய்திகள் வந்தன. அவ்வாறு ஓர் ஆசிரியபீடமே இருக்கவில்லை என்பதையும், வேறிடங்களில் வாழும் செய்தியாளர்களின் பெயர்கள் திருடப்பட்டிருந்தன என்பதையும் 2024 டிசம்பரில் அம்மாநிலத்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொணர்ந்தது.

ஒரு செய்தியாளனுக்கு அவன் பெயரைத் தவிர வேறு சொத்து இல்லை. சம்பளம் குறைவு; ஓய்வூதியம் பலருக்கு இல்லை. தலைப்பின் கீழ் அச்சாகும் அந்தப் பெயரை வாசகர் நம்புகிறார் என்பதொன்றே மிச்சம். தான் எழுதாத ஒன்று தன் பெயரில், தான் உழைத்த பத்திரிகையின் முகவரியிலேயே வெளிவருகிறதென்றால் அவன் எங்கு சென்று முறையிடுவான்? பத்திரிகை இல்லை, ஆசிரியர் இல்லை, மறுப்பை வெளியிடுவதற்குப் பக்கமும் இல்லை.

பெயர் போனால் சுவடுகளும் போகின்றன. இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெற் ஆர்க்கைவ் பழைய தளங்களின் பிரதிகளைப் பல ஆண்டுகளாகச் சேமித்து வருகிறது. ஆனால், ஒரு தளம் 'உள்ளே வராதே' என்று தேடுபொறிகளுக்கு இடும் அறிவித்தலைக் காப்பகமும் நீண்டகாலம் மதித்து நடந்தது. இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. கைவிடப்பட்ட பெயரை எடுத்தவர் விளம்பரப் பக்கமொன்றைப் போட்டு அந்த அறிவித்தலையும் வைத்துவிட்டால், அதே பெயரில் முன்னர் சேமிக்கப்பட்ட ஆண்டுக்கணக்கான பக்கங்களும் காப்பகத்தில் மறைந்துபோயின. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி 2017இல் காப்பகம் தன் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. தரித்து வைத்த வெற்றுப்பக்கம் ஒன்றால் கடந்த காலத்தையே மூடிவிட முடிந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, மூலத் தகவலுக்கு இட்டுச் செல்வதில்லை என்று ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நீதியரசர் சாமுவேல் அலிட்டோ எடுத்துக்காட்டியிருந்த முகவரி ஒன்று பின்னர் கைவிடப்பட்டது. அப்பெயரை எடுத்துக்கொண்ட யாரோ ஒருவர், இணையத்தின் நிலையாமையைக் கேலிசெய்யும் வாசகமொன்றை அங்கு எழுதிவைத்தார். அவர் கேலியோடு நிறுத்திக்கொண்டார். ஆதாரத்தையே மாற்றி எழுத நினைத்திருந்தால் தடுப்பதற்கு எவருமில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது தபாற்பெட்டி. பெயரைப் புதிதாக எடுத்தவர் அந்தப் பெயரிலான எல்லா மின்னஞ்சல்களையும் பெறலாம். 2018இல் அவுஸ்திரேலியாவில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், சட்ட நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தபோது கைவிட்ட பழைய பெயர்களைப் பதிவுசெய்து பார்த்தார். வழக்குகள் தொடர்பான இரகசிய மடல்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. பழைய மின்னஞ்சலைக் கொண்டு திறக்கக்கூடிய பிற கணக்குகளையும் அவரால் காட்ட முடிந்தது. 2024இல் வொட்ச்டவர் நிறுவன ஆய்வாளர்கள், டொட் மொபி பெயர்களின் பதிவு விபரங்களைத் தரும் சேவை முன்னர் இயங்கிய, காலாவதியாகிக் கிடந்த ஒரு பெயரை 20 டொலருக்கு எடுத்தனர். அந்தச் சேவை இடம்மாறியதை அறியாத 135,000க்கும் அதிகமான கணினி அமைப்புகள் பழைய முகவரியிலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தன. அரசாங்கங்களின் அமைப்புகளும் அவற்றுள் இருந்தன.

இதை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். செய்தி மூலம் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன்னர் நம்பிக்கையோடு எழுதிய அதே ஆசிரியபீட முகவரிக்கு இன்றும் ஒரு மடல் அனுப்புகிறார். பத்திரிகை நின்றுபோனதோ, பெயர் மாறியதோ அவருக்குத் தெரியாது. மடல் திரும்பி வரவில்லை. ஆகவே சேர்ந்துவிட்டதென்று எண்ணுகிறார். சேர்ந்தது யாரிடம்? செய்தி சொன்னதற்காகவும் எழுதியதற்காகவும் உயிர்விலை கொடுத்தவர்கள் இருக்கும் ஒரு நாட்டில் இது தொழில்நுட்பக் கேள்வியாக மாத்திரம் இருக்க முடியாது.

இலங்கையில் டொட் எல்கே பெயர்கள் 1990 முதல் வழக்கில் உள்ளன. தமிழ் எழுத்திலேயே அமைந்த டொட் இலங்கை 2010இல் அங்கீகாரம் பெற்றது. இருப்பினும் நமது சிற்றிதழ்களும், ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும் பெரும்பாலும் நாடியது டொட் கொம்மையும் டொட் ஓர்க்கையும்தான். அவற்றைப் பதிவுசெய்தவர் யார்? தளத்தை வடிவமைத்த இளைஞர். அல்லது வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர், தமது கடனட்டையில், தமது பெயரில். ஆசிரியருக்குக் கடவுச்சொல்லும் தெரியாது, காலாவதித் திகதியும் தெரியாது. இளைஞர் வேலை மாறுகிறார், உறவினரின் அட்டை மாறுகிறது, பெயர் போய்விடுகிறது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபா வரை சென்றது. 15 டொலர்க் கட்டணம் 3,000 ரூபாவிலிருந்து 5,400 ரூபாவானது. அதே காலத்தில் தாள் தட்டுப்பாட்டால் கொழும்பில் சில நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்தி இணையத்தோடு நிற்க நேர்ந்தது. அச்சு நின்ற நாளில் டொமைன் பெயரே பத்திரிகையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. பாவிக்காத பெயரைப் பிடித்து வைத்திருப்பது பதுக்கல் அல்லவா, தேவைப்பட்டவருக்கு விட்டுக்கொடுப்பதே முறை அல்லவா என்று கேட்கிறார்கள். 'மல்லிகைப்பூ', 'வீடு விற்பனை' போன்ற பொதுச்சொற்களை நூற்றுக்கணக்கில் பதிவுசெய்து, விலை ஏறும்வரை காத்திருப்பவர்களைப் பொறுத்தவரை நானும் அதையே சொல்வேன். ஆனால், ஒருபோதும் குடியிருக்காத காணியும், ஊரே வந்துபோன வாசிகசாலை நின்ற காணியும் ஒன்றல்ல. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதை விடுவதற்கு முன்னர், அங்கு வந்துபோனவர்களுக்குச் சொல்ல வேண்டும். புத்தகங்களை இடம்மாற்ற வேண்டும். தபாற்காரருக்கு அறிவிக்க வேண்டும்.

ஆகவே, பெயரை வைத்திருப்பவர்கள் சில காரியங்களைச் செய்துகொள்வது அவசியம். பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். அறிவித்தல்கள் செல்லும் மின்னஞ்சல் அதே டொமைனில் அமைந்ததாக இருக்கக் கூடாது. பொறுப்பாளர்கள் இருவருக்காவது கணக்கு விபரம் தெரிந்திருக்க வேண்டும். பழைய தளம் புதிய பெயருக்கு மாறியிருந்தால், பழைய பெயரை விளம்பரப் பக்கத்தில் விட்டுவைக்காமல் புதிய முகவரிக்கு நிரந்தரமாக வழிமாற்றிவிட வேண்டும். மின்னஞ்சல் பாவனை இல்லையென்றால், இந்தப் பெயரில் மடல் அனுப்புவதும் இல்லை, பெறுவதும் இல்லை என்று பெயரின் பதிவுகளிலேயே அறிவித்துவிடலாம். அவ்வாறு செய்தால் நம் பெயரில் போலி மடல் அனுப்புவது கடினமாகும். பழைய முகவரிக்கு எழுதுபவருக்கும் மடல் திரும்பிச் செல்லும். இவற்றைச் செய்ய ஹோஸ்டிங் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஹோஸ்டிங் கணக்கை மூடிவிட்டுப் பெயரை மாத்திரம் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் பலர். பெயர் இன்னமும் மூடிய கணக்கின் வழங்கிகளையே சுட்டிக்கொண்டிருக்கும். அந்த வழங்கி நிறுவனம் உரிமையைச் சரிபார்க்காததாக இருந்தால், வேறொருவர் அங்கு ஒரு கணக்கைத் திறந்து நம் பெயரைத் தன்னுடையதாகக் காட்டிவிடலாம். இவ்வழியில் 2018 முதல் 35,000க்கும் அதிகமான பெயர்கள் கடத்தப்பட்டதாக 2024இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். குத்தகைப் பணத்தைத் தவறாமல் கட்டிக்கொண்டே காணியை இழப்பதென்பது இதுதான்.

ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கும் பொறுப்புண்டு. வாடிக்கையாளரின் தெளிவான சம்மதம் இன்றி அவருடைய பெயரில் விளம்பரம் போடக் கூடாது. விட்டுவைக்கும் பெயருக்கு வெறுமையான, விளம்பரமற்ற ஒரு பக்கமே இயல்பான ஏற்பாடாக இருக்க வேண்டும். மின்னஞ்சலை மறுக்கும் பதிவும் அத்துடன் சேர்ந்தே வர வேண்டும். கணக்கை மூடும் வாடிக்கையாளரிடம், 'உங்கள் பெயர் இன்னமும் எங்களைச் சுட்டுகிறது' என்று சொல்லி அனுப்புவது வியாபார நட்டமாகாது.

இறுதியாக, இதைத் தனி நபர்களின் தலையில் மாத்திரம் சுமத்திவிட முடியாது. சிற்றிதழ் ஆசிரியர் ஒருவர் மறைந்தால் அவருடைய பிள்ளைகள் ஆண்டுதோறும் டொலர் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைச் சாத்தியமற்றது. அச்சிட்ட பத்திரிகையின் பிரதியைத் தேசிய சுவடிக்கூடத்தில் பேணும் ஒழுங்கு இந்நாட்டில் உண்டு. இணையத்தில் மாத்திரம் வெளிவந்த இதழுக்கும் அத்தகையதோர் இடம் வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனம் 2005 முதல் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களும் ஊடக அமைப்புகளும் சேர்ந்து, நின்றுபோன இதழ்களின் பெயர்களைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் ஒரு பொது நிதியத்தை ஏற்படுத்தலாம். 2024 செப்டெம்பரில் டொட் கொம் பெயரொன்றின் மொத்த விலை 10.26 டொலராக இருந்தது. நூறு பெயர்களை ஓராண்டுக்குக் காப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் டொலர். புலம்பெயர் நாடுகளில் ஒரு மாலை நேர இசை நிகழ்ச்சிக்குச் செலவாகும் தொகையுடன் ஒப்பிட்டால் இது பெரிதன்று.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது நாம் எதை இழந்தோம் என்பதை இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பிறர் நமக்கு இழைத்தது. புதுப்பிக்கத் தவறிய ஒரு பெயரால் நாம் இழப்பதற்கோ தீ வேண்டியதில்லை. ஒரு காலாவதித் திகதி போதும். உங்கள் பொறுப்பில் உள்ள பெயர்கள் எவை, அவை யாருடைய பெயரில் பதிவாகியுள்ளன, எப்போது முடிவடைகின்றன என்பதை ஒரு தாளில் எழுதி, உங்களுக்குப் பின் வருபவரிடம் இந்த வாரமே கொடுத்துவையுங்கள்.